புகையிலையை விடவைக்கும் ஆய்வுப் பணிக்கு வருகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பொது சுகாதாரப் படிப்பை முடித்த கையோடு, "புகையிலைத் தடுப்பில் ஆய்வு செய்ய ஆசைப்படறனுங்க, எங்கே தொடங்கறது?" என்று கேட்டு வரும் இளைஞர்களை ஆண்டுதோறும் சந்திக்கிறேன். கோவையிலும் பெருந்துறையிலும் நாமக்கல்லிலும் படித்தவர்கள். தறி, பனியன், லாரி, கோழிப்பண்ணை என ஏதோ ஒரு தொழிலை நம்பியிருக்கும் குடும்பங்களிலிருந்து வருகிறவர்கள். நெடுங்காலமாக இதே வேலையில் இருப்பவன் என்ற முறையில் அவர்களுக்கு நேரில் சொல்வதை வரிசைப்படுத்தி இங்கே எழுதுகிறேன். ஒருவரைப் புகையிலையை விடச் செய்வது கடினம். அவர் உண்மையாகவே விட்டாரா என்று ஆறு மாதம் கழித்துத் தேடிப் போய்க் கண்டறிவது அதைவிடக் கடினம். கொள்கை வகுப்பவர்கள் முன் நாம் வைக்கும் ஒவ்வோர் எண்ணும் அந்தத் தேடலின் நேர்மையில்தான் நிற்கிறது என்பதால், கீழே வரும் படிகளில் அதற்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

முதல் படி: உங்கள் ஊர்ப் புகையிலையை அறியுங்கள்

இந்தத் துறையின் அடிப்படை ஆய்வுகளில் பல, சிகரெட் மிகுந்த நாடுகளில் நடந்தவை. லண்டன் மருத்துவமனைகளில் நுரையீரல் புற்றுநோயாளிகளை விசாரித்து ரிச்சர்ட் டாலும் பிராட்ஃபோர்டு ஹில்லும் 1950இல் வெளியிட்ட ஆய்வையும், அடுத்த ஆண்டு பிரிட்டிஷ் மருத்துவர்களிடையே அவர்கள் தொடங்கி 50 ஆண்டுகள் நீண்ட தொடராய்வையும் மூலத்திலேயே படித்துவிடுங்கள். அந்தத் தொடராய்வின் 2004ஆம் ஆண்டு அறிக்கையில்தான், 30 வயதில் சிகரெட்டை விட்டவர் ஏறக்குறைய 10 ஆண்டு ஆயுளையும், 40 வயதில் விட்டவர் 9 ஆண்டையும், 50இல் விட்டவர் 6 ஆண்டையும், 60இல் விட்டவர்கூட 3 ஆண்டையும் மீட்டுக்கொள்கிறார் என்ற கணக்கு வந்தது. "இத்தன வயசாயிருச்சு, இனி விட்டு என்ன ஆகப்போகுது?" என்று கேட்கும் அறுபது வயதுக்காரருக்கு இதைவிட நல்ல பதில் இன்றுவரை எனக்குக் கிடைக்கவில்லை.

ஆனால் அந்தப் பாடத்தோடு நின்றுவிட்டால் நம்மூருக்குப் பயன்படமாட்டீர்கள். 2016-17இல் மும்பை டாடா சமூக அறிவியல் நிறுவனம் நடத்திய உலக வயதுவந்தோர் புகையிலைக் கணக்கெடுப்பின்படி, 15 வயதுக்கு மேற்பட்ட இந்தியர்களில் 28.6 விழுக்காட்டினர் ஏதோ ஒரு வகையில் புகையிலையைப் பயன்படுத்துகிறார்கள், புகைப்போர் 10.7 விழுக்காடு, புகையற்ற வகைகளைப் பயன்படுத்துவோர் 21.4 விழுக்காடு. அதாவது, மெல்லுவோரும் வாயில் அடக்குவோரும் புகைப்போரைப் போல இருமடங்கு. தமிழ்நாட்டில் வயதுவந்தோரில் ஐவரில் ஒருவர் என்று அதே கணக்கெடுப்பு சொல்கிறது.

கொங்குப் பகுதியில் இந்த வேறுபாடு கண்ணுக்கு நேராகத் தெரியும். சோமனூர், பல்லடம், பள்ளிபாளையம் பக்கத்துத் தறிக்கூடங்களில் நூலும் பஞ்சும் சுற்றிக் கிடக்கும் இடத்தில் நெருப்புக்கு இடமில்லை. ஆகவே நீண்ட ஷிப்டைத் தள்ளுவதற்கு வாயில் அடக்கும் பொட்டலம் வந்துவிடுகிறது. பீடியும் சிகரெட்டும் பேக்கரி வாசலில். திருப்பூருக்குப் பிழைக்க வந்த வடமாநிலத் தொழிலாளி உள்ளங்கையில் சுண்ணாம்பு வைத்துக் கசக்கும் கைனி தனி வகை. வெற்றிலைப் பையில் அமுச்சிகள் (பாட்டிகள்) வைத்திருக்கும் பொயலை இன்னொரு வகை. அதைப் 'பழக்கம்' என்று வீட்டில் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. இவற்றோடு, மெல்லும் புகையிலை நம் நிலத்திலேயே விளைகிறது என்பதையும் மறக்கக் கூடாது. கருப்பட்டி நீர் தெளித்துப் பதப்படுத்தும் முறையை அறிந்த விவசாயிகள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களிடம் பழிபேசுகிறவராகப் போகாதீர்கள். புகையிலை விவசாயிகளுக்கு மாற்று வாழ்வாதாரம் தேட வேண்டும் என்று உலகப் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையின் 17ஆம் பிரிவே சொல்லும்போது, அவர்களும் நம் ஆய்வுக்கு உரியவர்களே.

முதல் மாதத்தில் செய்ய வேண்டியது இதுதான்: ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உங்கள் ஊரின் ஒரு தெருவை எடுத்துக்கொண்டு, எந்தக் கடையில் என்ன பொருள், எந்தப் பெயரில், உதிரியாகவா பாக்கெட்டாகவா, யார், எந்த நேரத்தில் வாங்குகிறார்கள் என்று பாருங்கள். அரசின் ஆணைப்படி 2016 ஏப்ரல் முதல் பாக்கெட்டின் 85 விழுக்காட்டுப் பரப்பில் எச்சரிக்கைப் படம் இருக்கிறது. ஆனால் ஒற்றைச் சிகரெட் வாங்குகிறவர் அந்தப் பாக்கெட்டைக் கையில் வாங்குவதே இல்லை. இதைப் புத்தகத்தில் படிப்பதற்கும் மாலை ஆறு மணிக்கு ஒரு கடைமுன் நின்று எண்ணிப் பார்ப்பதற்கும் வேறுபாடு உண்டு.

இரண்டாம் படி: படிப்பும் சேருமிடமும்

மருத்துவம் படித்தவர்களுக்குச் சமுதாய மருத்துவ மேற்படிப்பு நேரான வழி. பல் மருத்துவம், செவிலியம், உளவியல், சமூகப்பணி, புள்ளியியல் படித்தவர்களுக்குப் பொது சுகாதார முதுநிலைப் படிப்பு பொருந்தும். எந்த நிறுவனம் எந்த இளநிலையை ஏற்கிறது என்பதை மட்டும் அந்தந்த ஆண்டு அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். சென்னையில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனம், திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் அச்சுத மேனன் மையம், புதுச்சேரியில் ஜிப்மர் ஆகியவை நம் பக்கத்திலிருந்து எட்டிப் பிடிக்கக்கூடியவை. பல் மருத்துவர்களை நான் தனியாக ஊக்கப்படுத்துவதுண்டு. மெல்லும் புகையிலை வாயில் விடும் வெள்ளைத் திட்டை முதலில் காண்பவர்கள் அவர்கள்தாம். அதைக் கண்ணாடியில் காட்டிச் சொல்லும் ஒரு வார்த்தையை நோயாளி எளிதில் மறப்பதில்லை.

வேலை என்று பார்த்தால், 2007-08இல் தொடங்கிய தேசியப் புகையிலைக் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் மாவட்ட அளவில் ஆலோசகர், உளவியலாளர், சமூகப்பணியாளர் பணியிடங்கள் உண்டு. அவை ஒப்பந்தப் பணிகள். நிரந்தரமானவை என எண்ணிச் சேராதீர்கள். ஆனால் ஒரு மாவட்டத்தின் பள்ளிகள், காவல்துறை, உணவுப் பாதுகாப்பு, மருத்துவமனை ஆகியவை ஒன்றோடொன்று எப்படிப் பேசுகின்றன, எங்கே பேசாமல் இருக்கின்றன என்பதை இரண்டே ஆண்டில் கற்றுத்தரும் இடம் வேறில்லை. புள்ளியியல் மென்பொருள் ஒன்றையாவது, குறிப்பாக விலையில்லாமல் கிடைக்கும் 'ஆர்' மென்பொருளை, இந்தக் காலத்திலேயே பழகிக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: ஆய்வு தொடங்குமுன் மூன்று மாதம் ஓர் ஆலோசனை அறையில் உட்காருங்கள்

இதைத் தவிர்த்துவிட்டு நேராக வினாத்தாளுக்குப் போகிறவர்கள்தாம் அதிகம். அது பெரிய இழப்பு. இந்தியாவில் 2002இல் உலக சுகாதார நிறுவனத்தின் துணையோடு 13 இடங்களில் புகையிலை நிறுத்த மையங்கள் தொடங்கின; இன்று அரசு மருத்துவமனைகளிலும் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் அத்தகைய மையங்கள் இயங்குகின்றன. அனுமதி பெற்று ஒரு மூலையில் அமர்ந்து கேளுங்கள்.

அங்கே முதலில் கற்க வேண்டியது, ஒருவர் நிகோட்டினுக்கு எவ்வளவு அடிமை என்று அளப்பது. பாகர்ஸ்ட்ராம் வினாநிரல் ஆறே கேள்விகள் கொண்டது. அவற்றில் மிகவும் கூர்மையானது, காலையில் கண் விழித்து எத்தனை நிமிடத்தில் முதல் சிகரெட் என்பது. ஐந்து நிமிடத்துக்குள் என்றால் அவருக்குப் புத்திமதி மட்டும் போதாது. அடுத்து, உலகெங்கும் பின்பற்றப்படும் ஐந்து படி முறை: பயன்பாட்டைக் கேட்பது, விடும்படி தெளிவாக அறிவுறுத்துவது, விடும் மனநிலையில் இருக்கிறாரா என்று அறிவது, உதவுவது, மீண்டும் சந்திக்க ஏற்பாடு செய்வது. முதல் இரண்டும் மூன்று நிமிடத்தில் முடியும். ஐந்தாவதைப் பெரும்பாலான இடங்களில் விட்டுவிடுகிறார்கள்.

விட்டபின் வரும் எரிச்சல், தூக்கமின்மை, தவிப்பு ஆகியவை முதல் சில நாட்களில் உச்சத்தில் இருந்து இரண்டு முதல் நான்கு வாரங்களில் தணியும். அந்த இடைவெளியைக் கடக்கத்தான் நிகோட்டின் சூயிங்கம் போன்ற மாற்று மருந்துகள். அவை விடும் வாய்ப்பை ஏறக்குறைய ஒன்றரை மடங்காக்குகின்றன என்பது நூற்றுக்கு மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பெற்ற முடிவு. வேரினிக்லின், புப்ரோபியான், சைட்டிசின் ஆகிய மருந்துகளையும் உலக சுகாதார நிறுவனத்தின் 2024ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிமுறை பரிந்துரைக்கிறது. அவற்றை எழுதித் தருவது மருத்துவரின் வேலை, ஆய்வாளரின் வேலை அன்று. ஆனால் சூயிங்கத்தை எப்படிப் பயன்படுத்துவது என்று விளக்க நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். மிட்டாய்போல விடாமல் மென்றால் வயிற்றைக் குமட்டும். சில முறை மென்று, காரம் உறைத்ததும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வைக்க வேண்டும். டீ, காப்பி குடித்தவுடன் போட்டால் வாயின் அமிலத்தன்மையால் நிகோட்டின் சரியாக உட்கிரகிக்கப்படாது. கால் மணி நேரம் பொறுக்க வேண்டும். மணிக்கொரு டீ குடிக்கும் ஊரில் இந்த ஒரு விவரத்தைச் சொல்லாமல் விட்டதாலேயே "அந்த மருந்து வேலை செய்யலைங்க" என்று திரும்பி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

தேசியப் புகையிலை நிறுத்த உதவி எண் 1800-11-2356 என்பதையும் மனப்பாடமாக வைத்திருங்கள். கட்டணமில்லாத அந்தச் சேவை 2016இல் தில்லியின் வல்லபாய் பட்டேல் மார்பு நோய் நிறுவனத்தில் தொடங்கியது. ஒருமுறை ஒரு நோயாளியின் அருகில் இருந்து, அவர் சம்மதத்தோடு, அழைப்பு எப்படிப் போகிறது என்று முழுவதும் கேளுங்கள்.

நான்காம் படி: கேள்வியை நம் பேச்சில் எழுதுங்கள்

பல்லடம் பக்கத்தில் ஒரு தறிக்கூடத்தில் என் முதல் கணக்கெடுப்பின்போது, "நீங்கள் புகையிலைப் பொருட்களைப் பயன்படுத்துகிறீர்களா?" என்று அச்சிட்ட தாளைப் பார்த்துப் படித்தேன். "இல்லீங்க சார்" என்றார் எதிரே நின்றவர். சொல்லி முடித்துத் திரும்பித் துப்பினார். பொய் சொன்னதாக அவர் முகத்தில் எந்த அறிகுறியும் இல்லை. அவரைப் பொறுத்தவரை புகையிலை என்பது சிகரெட்டும் பீடியும். அவர் வாயில் இருந்ததற்கு அதன் வணிகப் பெயர்தான் பெயர். அன்று மாலையே மீதித் தாள்களை ஒதுக்கிவிட்டு, வகை வகையாகப் பிரித்துக் கேட்கும் தாளை எழுதினேன்.

ஆகவே ஒவ்வொரு பொருளையும் தனித்தனியே கேளுங்கள். பீடி குடிப்பீங்களா, சிகரெட் பிடிப்பீங்களா, வெத்தலையோட பொயலை போடுவீங்களா, ஹான்ஸ், கூல் லிப் மாதிரி எதாவது வாயில வைப்பீங்களா, கைனி கசக்குவீங்களா என்று கடையில் அந்தப் பொருள் எந்தப் பெயரில் கேட்கப்படுகிறதோ அந்தப் பெயரிலேயே கேளுங்கள். அதே சமயம், தேசியக் கணக்கெடுப்போடு ஒப்பிட வேண்டுமானால் கால அளவையும் வகைப்பிரிப்பையும் அதன்படியே வைத்துக்கொள்ள வேண்டும். பேச்சுச் சொல்லை மாற்றலாம். அளவுகோலை மாற்றக் கூடாது. பெண்களிடம் மாமியாரோ மகனோ அருகில் இருக்கும்போது கேட்காதீர்கள். தொழிலாளியிடம் முதலாளியின் அறையில் வைத்துக் கேட்காதீர்கள். முதலாளியே ஆட்களை வரிசையில் நிறுத்திக் கொடுத்தால், நன்றி சொல்லிவிட்டு வேறு நேரம் கேளுங்கள். முதலாளி நிறுத்திய வரிசையில் பெறும் ஒப்புதல், மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகள் கேட்கும் ஒப்புதல் ஆகாது.

சிகிச்சையையோ ஆலோசனை முறையையோ சோதிக்கும் ஆய்வானால், முதல் ஆளைச் சேர்க்கும் முன்பே இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் பதிவு செய்துவிட வேண்டும். அதன் ஆங்கிலச் சுருக்கம் சி.டி.ஆர்.ஐ. ராஜமுந்திரியில் 1947இல் தொடங்கிய மத்தியப் புகையிலை ஆராய்ச்சி நிறுவனத்தின் சுருக்கமும் நெடுங்காலம் அதுவாகவே இருந்தது. அதன் கிளை நமக்கு அருகில் வேடசந்தூரில் இருப்பதால், புதியவர்கள் தேடும்போது குழம்புவது உண்டு.

ஐந்தாம் படி: ஆறு மாதம் கழித்துத் தேடிப் போங்கள்

இனி வருவதே இந்தக் கட்டுரையை நான் எழுதக் காரணம். புகையிலையை விடுவதாகச் சொல்கிறவர்களில் மிகப் பலர் முதல் சில வாரங்களிலேயே திரும்பிவிடுவார்கள். அதனால்தான் முகாம் முடிந்த அன்றோ ஒரு மாதத்திலோ எடுக்கும் கணக்கை இந்தத் துறையில் யாரும் மதிப்பதில்லை. 2005இல் ராபர்ட் வெஸ்டும் அவருடன் பணியாற்றியவர்களும் வகுத்த 'ரஸ்ஸல் அளவுகோல்' ஆறு மாதம் அல்லது ஓராண்டுத் தொடர்ச்சியைக் கேட்கிறது. அந்தக் காலத்தில் ஐந்து சிகரெட்டுக்கு மேல் பிடித்திருக்கக் கூடாது. கடைசிச் சந்திப்பில் உடல்சோதனை அதை உறுதிப்படுத்த வேண்டும். தொடர்பில் இல்லாமல் போனவர்களை, இறந்தவர்கள் போன்ற விலக்குகள் நீங்கலாக, விடாதவர்களாகவே எண்ண வேண்டும்.

கடைசி விதி கொடுமையானது என்று தோன்றும். ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். நூறு பேர் சேர்ந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆறாம் மாதம் அறுபது பேர் கிடைத்தார்கள். அவர்களில் 24 பேர் விட்டுவிட்டதாகச் சொன்னார்கள். அறுபதால் வகுத்தால் 40 விழுக்காடு. நூறால் வகுத்தால் 24. அந்த 24 பேரில் 20 பேர் மட்டும் சோதனைக்கு வந்து, 16 பேர் தேறினால், நேர்மையான விடை 16 விழுக்காடு. ஒரே ஆய்விலிருந்து மூன்று எண்களைச் சொல்ல முடியும். அவற்றில் ஒன்றுதான் மாவட்ட ஆட்சியர் நம்பிப் பணம் ஒதுக்கத் தகுந்தது. என் தொடக்க காலத்தில் ஒரு கருத்தரங்கில் கிடைத்தவர்களை மட்டும் வைத்து வகுத்த எண்ணை மகிழ்ச்சியோடு சொன்னேன். பின்வரிசையிலிருந்து ஒரு மூத்தவர், "தம்பி, மீதிப் பேரு எங்கே?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. மீதிப் பேர் எங்கே என்பதே அன்று முதல் என் முதல் கேள்வியாகிவிட்டது.

மீதிப் பேரைக் கண்டுபிடிக்கும் வழி சேர்க்கும் நாளிலேயே தொடங்குகிறது. ஒரு கைபேசி எண் போதாது. தறிக்காரர் கூடம் மாறுவார், பனியன் கம்பெனித் தொழிலாளி சொந்த ஊர் போய் வேறு சிம்மோடு வருவார். மனைவியின் எண், பக்கத்துக் கடைக்காரரின் எண், ஊரில் அவரை எப்படிச் சொன்னால் தெரியும் என்ற குறிப்பு, சம்பள நாள், ஷிப்ட் மாறும் கிழமை ஆகியவற்றை அவர் சம்மதத்தோடு எழுதிக்கொள்ளுங்கள். பிறரிடம் விசாரிக்கும்போது, எதற்காகத் தேடுகிறோம் என்று சொல்லக் கூடாது என்பதையும் அப்போதே அவரோடு பேசி முடிவு செய்துவிடுங்கள். லாரி ஓட்டுநர்களுக்கு இது இன்னும் கடினம். நாமக்கல், சங்ககிரி வண்டிகள் எப்போது ஊர் திரும்பும் என்று வண்டிக்காரரின் வீட்டுக்கே தெரியாத மாதங்கள் உண்டு. ஊர் நோம்பி, ஆடிப் பதினெட்டு, தீபாவளி, பொங்கல் நாட்களை ஒட்டித் தேதி வைத்தால் ஆள் கிடைப்பார். ஒருவரைத் தேடும் முயற்சியைக் குறைந்தது ஐந்து முறை, வெவ்வேறு நேரங்களில் செய்து, ஒவ்வொன்றையும் பதிவு செய்யுங்கள்.

உடல்சோதனையில் நம்மூருக்கே உரிய ஒரு பொறி இருக்கிறது. மூச்சில் கார்பன் மோனாக்சைடு அளக்கும் கருவி எளிது, வலியில்லாதது. ஆனால் ஏறக்குறைய கடைசி ஒரு நாளின் புகையை மட்டுமே அது காட்டும், மெல்லும் புகையிலையை அறவே காட்டாது. பீடியை விட்டுவிட்டு வாய்ப் புகையிலைக்கு மாறியவர் அந்தக் கருவியில் சுத்தமானவராகத் தெரிவார். எதிர்மாறாக, விறகடுப்பு முன்னாலோ சாயப்பட்டறை பாய்லர் முன்னாலோ நின்றுவிட்டு வந்தவரின் மூச்சு, அவர் விட்டிருந்தாலும், கூடுதலாகக் காட்டலாம். நிகோட்டின் உடலில் சிதைந்து உண்டாகும் கோட்டினினை உமிழ்நீரிலோ சிறுநீரிலோ அளந்தால் சில நாட்களின் நிகோட்டின், எவ்வழி வந்தாலும் தெரியும். ஆனால் நிகோட்டின் சூயிங்கம் மெல்லுகிறவருக்கும் அது தெரியும். ஆகவே கொங்குப் பகுதியில் ஆய்வு செய்கிறவர்கள், சோதனைக்கு முன்பே எல்லா வகைப் புகையிலையையும் மாற்று மருந்தையும் விறகடுப்பையும் பற்றிக் கேட்டு எழுதிவிட்டுத்தான் கருவியை எடுக்க வேண்டும்.

ஆறாம் மாதம் போகும்போது எப்படிப் பேசுகிறோம் என்பதும் முக்கியம். "விட்டுட்டீங்களா?" என்று கேட்டால், நம் முகத்துக்காக "விட்டுட்டனுங்க" என்பார்கள். நம்மூர் மரியாதை அப்படிப்பட்டது. வீடு தேடி வந்தவரை ஏமாற்றமாகத் திருப்பி அனுப்ப மனம் வராது. "போன வாரத்துல எத்தன தடவ போடற மாதிரி ஆயிருச்சுங்க?" என்று, மீண்டும் தொட்டதை இயல்பாக எடுத்துக்கொள்ளும் கேள்வியைக் கேளுங்கள். ஆலோசனை கொடுத்தவரும் கணக்கெடுப்பவரும் ஒருவராக இருக்கக் கூடாது. ஆள் பற்றாக்குறையால் இந்த விதியைப் பலர் மீறுகிறார்கள், நீங்கள் மீறாதீர்கள்.

ஆறாம் படி: சட்டத்தைச் சொல்லுக்குச் சொல் படியுங்கள்

ஆலோசனை அறையில் ஒருவரை விடவைக்க ஆறு மாதம் ஆகும். விலையோ சட்டமோ ஒருநாளில் கோடிப் பேரின் சூழலை மாற்றும். ஆகவே சிகிச்சை ஆய்வாளரும் கொள்கையைக் கற்றே தீர வேண்டும். உலகப் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கை 2005 பிப்ரவரி 27 அன்று நடைமுறைக்கு வந்தது. இந்தியா அதற்கு ஓராண்டு முன்பே, 2004 பிப்ரவரியில், ஏற்பளித்துவிட்டது. நம் நாட்டின் 2003ஆம் ஆண்டு சிகரெட் மற்றும் பிற புகையிலைப் பொருட்கள் சட்டத்தில் (ஆங்கிலச் சுருக்கம் கோட்பா) நான்காம் பிரிவு பொது இடத்தில் புகைப்பதைத் தடுக்கிறது, அபராதம் 200 ரூபாய் வரை. ஐந்தாவது விளம்பரத்தைத் தடுக்கிறது. ஆறாவது 18 வயதுக்கு உட்பட்டோருக்கும், கல்வி நிலையத்தைச் சுற்றி 100 கஜத்துக்குள்ளும் விற்பதைத் தடுக்கிறது. ஏழாவது எச்சரிக்கைப் படம். மின்சிகரெட்டுக்கு 2019ஆம் ஆண்டுத் தடைச் சட்டம் தனியாக உண்டு.

ஏன் சொல்லுக்குச் சொல் படிக்கச் சொல்கிறேன் என்றால், கோட்பா சட்டத்தின் 'பொது இடம்' என்ற வரையறை திறந்தவெளியைத் தன்னுள் சேர்க்கவில்லை. பேக்கரிக்குள் மேசையில் அமர்ந்து பிடிப்பது தெளிவான மீறல்; வாசலைத் தாண்டிச் சாலையோரம் நின்று பிடிப்பதை அப்படியே மீறல் என்று உங்கள் பதிவுத்தாளில் எழுதிவிட முடியாது. இந்த வேறுபாட்டை அறியாமல் தயாரித்த ஆய்வறிக்கையை முதல் கூட்டத்திலேயே ஓர் அதிகாரி தள்ளிவிடலாம், அது அவர் தவறும் ஆகாது.

தொடக்க நிலை ஆய்வாளருக்குச் செலவில்லாத, பயனுள்ள ஒரு கள ஆய்வு இருக்கிறது. உங்கள் வட்டாரத்தில் சில பள்ளிகளைக் குலுக்கல் முறையில் தேர்ந்து, சுற்றிலும் 100 கஜத்தை, அதாவது 91 மீட்டரை, நாடா வைத்து அளந்து, அதற்குள் இருக்கும் கடைகளில் புகையிலை விற்கிறதா, விளம்பரம் தொங்குகிறதா, 18 வயது அறிவிப்பு இருக்கிறதா என்று காலையும் பள்ளி விடும் நேரமும் தனித்தனியே பதியுங்கள். கடைக்காரரின் பெயரை எழுதாதீர்கள். நோக்கம் வழக்குப் போடுவது அன்று. எந்த வகைப் பகுதியில் சட்டம் எட்டவில்லை என்று காட்டுவது. ஆட்சியர் தலைமையிலான மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவின் முன் வைக்க, தமிழில் இரண்டு பக்கம், ஒரு வரைபடம், ஒரு கோரிக்கை போதும். இருபது பக்க அறிக்கைகள் மேசையிலேயே தங்கிவிடுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

வரி பற்றியும் கொஞ்சம். விலை 10 விழுக்காடு ஏறினால் நம்மைப் போன்ற நாடுகளில் நுகர்வு ஏறத்தாழ 5 விழுக்காடு குறைகிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. ஏழைகளிடமும் இளைஞர்களிடமும் இந்த விளைவு கூடுதல். 2017இல் சரக்கு-சேவை வரி வந்தபோது சிகரெட்டுக்கு விதித்த ஈட்டு மேல்வரியைப் பீடிக்கு விதிக்கவில்லை. பீடியின் தீங்கு குறைவு என்பதால் அன்று. 2017-18இல் 35 வயதுக்கு மேற்பட்டோரிடம் மட்டும் புகையிலை நோய்களாலும் இறப்புகளாலும் நாட்டுக்கு ஏற்பட்ட பொருளாதார இழப்பு 1,77,341 கோடி ரூபாய் என்று கணக்கிடப்பட்டிருக்கிறது. பொருளியல் படித்த நண்பர் ஒருவரைச் சேர்த்துக்கொண்டு இந்தப் பகுதியைச் செய்யுங்கள்.

நம் மாநிலத்திலேயே நடந்த ஓர் ஆய்வு கொள்கையை எப்படித் தொட்டது என்பதற்கு, சென்னையிலும் விழுப்புரம் மாவட்டத்திலும் 43,000 ஆண்களின் இறப்புகளை ஆராய்ந்து வி. கஜலட்சுமியும் உடன் பணியாற்றியவர்களும் 2003இல் லான்செட் இதழில் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். புகைத்தவர்கள் காசநோயால் இறக்கும் வாய்ப்பு புகைக்காதவர்களைவிட நான்கு மடங்குக்கு மேல் இருந்தது. காசநோயாளியிடம் புகையிலையைக் கேட்க வேண்டும், புகைப்பவரிடம் இருமலைக் கேட்க வேண்டும் என்ற கூட்டு நெறிமுறை 2017இல் தேசிய அளவில் வந்தது. காசநோய் மருத்துவமனையைக் குறிக்கும் சானடோரியம் என்ற பெயரையே அஞ்சல் முகவரியில் வைத்திருக்கும் பெருந்துறைக்கு அருகில் வாழும் நமக்கு இது தூரத்துச் செய்தி அன்று.

ஏழாம் படி: யார் பணம் என்று பாருங்கள்

உடன்படிக்கையின் 5.3 பிரிவு, பொது சுகாதாரக் கொள்கையைப் புகையிலைத் தொழிலின் நலன்களிலிருந்து காக்கச் சொல்கிறது. 2017இல் பிலிப் மோரிஸ் நிறுவனத்தின் பணத்தில், ஆண்டுக்கு எட்டுக் கோடி டாலர் வாக்குறுதியுடன், 'புகையில்லா உலகு' என்ற பெயரிலேயே ஓர் அறக்கட்டளை வந்தபோது, அதனோடு கூட்டுச் சேரமாட்டோம் என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. பெயர் நல்லதாக இருக்கும், கடிதம் மரியாதையாக இருக்கும், பயணச் செலவும் தருவார்கள். நிதி எந்த வேரிலிருந்து வருகிறது என்று எழுத்தில் கேளுங்கள். ஒருமுறை வாங்கிவிட்டால், இத்துறையின் முக்கிய இதழ்கள் பல உங்கள் கட்டுரையைப் படிக்கவே எடுக்கமாட்டா. நம்மூரில் பெரிய தொகை தேவையில்லை; சிறு உதவித்தொகையும் ஒரு பைக்கும் பொறுமையும் இருந்தால் முதல் ஆய்வை முடிக்கலாம்.

எட்டாம் படி: முடிவோடு திரும்பிப் போங்கள்

கட்டுரை வெளியானதும் ஆய்வு முடிந்துவிட்டதாக எண்ணாதீர்கள். எந்தக் கூடத்தில் கேட்டீர்களோ அங்கே போய், டீ இடைவேளையில் பத்து நிமிடம் அனுமதி வாங்கி, எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் விட்டார்கள், எத்தனை பேரைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று பெயர் எதுவும் சொல்லாமல் தமிழில் சொல்லுங்கள்; வடமாநிலத் தொழிலாளிகள் இருந்தால் அவர்கள் மொழி தெரிந்த ஒருவரை உடன் அழைத்துப் போங்கள். உங்கள் பட்டியலில் 'விடவில்லை' என்று முடிந்தவர்களை அன்று தனித்தனியே பாருங்கள். அவர்களில் பலர் இரண்டாம், மூன்றாம் முயற்சிக்கு ஆயத்தமாக இருப்பார்கள்; நாம் கேட்காததால் சொல்லாமல் இருந்திருப்பார்கள். மருத்துவமனை மையத்தின் கிழமையையும் நேரத்தையும் 1800-11-2356 என்ற எண்ணையும் ஒரு சிறு அட்டையில் எழுதி, வந்தால் உடன் வருவதாகச் சொல்லிக் கொடுங்கள். கிடைக்காமல் போனவர்களைப் பற்றியும் அங்கேயே விசாரியுங்கள். ஒருவர் சோமனூருக்கு மாறிவிட்டார், இன்னொருவர் ஊருக்குப் போய்விட்டார் என்று யாராவது சொல்வார்கள். புதிய எண்ணை அவரே தரும்படி சொல்லியனுப்பிவிட்டு, உங்கள் எண்ணைக் கூடத்தின் சுவரில் எழுதி வைத்துவிட்டு வாருங்கள்.